பன்னிரண்டாவது வாரத்துக்கு முன்னால்

1912ஆம் ஆண்டில் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டு சுரப்பியைத் தீனியாகப் போட்டார். மற்ற உறுப்புகளைத் தின்ற தலைப்பிரட்டைகள் வழக்கம்போல் வளர்ந்தன. தைராய்டைத் தின்றவை மட்டும் சில நாள்களிலேயே வால் சுருங்கி, கால் முளைத்து, மிகச் சிறிய தவளைகளாக மாறிவிட்டன. பின்னர் வந்தவர்கள் இதையே மாற்றிச் செய்து பார்த்தார்கள். தைராய்டு சுரப்பி அகற்றப்பட்ட தலைப்பிரட்டைகள் தவளையாகவே மாறவில்லை. தலைப்பிரட்டையாகவே இருந்து பெருத்துக்கொண்டு போயின.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தென்காசி மாவட்டத்து ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக் குளங்கள் பெருகும்போது ஓரத்துத் தண்ணீரில் நெளிகிற தலைப்பிரட்டையைத் தவளையாக்குவது எந்த ஹார்மோனோ, அதே ஹார்மோன்தான் கருவிலிருக்கும் குழந்தையின் மூளையையும் அமைக்கிறது. மூலக்கூறில் ஓர் அணு வேறுபாடுகூட இல்லை. நீரில் கலந்த ஒரு பொருள் தவளையின் வளர்ச்சியை நிறுத்துகிறது என்றால், அந்த நீரைக் குடிக்கிற கர்ப்பிணியைப் பற்றியும் உடனே கேட்டாக வேண்டும். ஹார்மோன்களைக் குலைக்கும் வேதிப்பொருள்களைப் பற்றி முப்பது, நாற்பது ஆண்டுகளாக உலகெங்கும் ஆய்வாளர்கள் சொல்லிவரும் எச்சரிக்கையின் அடிப்படை இதுதான்.

நம் உடம்பில் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த அச்சம் புரியும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். அதில் பத்து, பதினைந்து பங்குதான் ஒரு லிட்டர் இரத்தத்தில் கட்டின்றி உலவி வேலை செய்யும் தைராக்சின். அந்தச் சொற்ப அளவு இதயத் துடிப்பையும் உடல் வெப்பத்தையும் எலும்பின் வளர்ச்சியையும் நடத்துகிறது. இவ்வளவு நுண்ணிய அளவில் இயங்கும் ஓர் ஏற்பாட்டைக் குலைக்க, வெளியிலிருந்து வரும் பொருளும் பெரிய அளவில் வரவேண்டியதில்லை. சில பொருள்கள் ஹார்மோன் போலவே நடித்து, அது உட்கார வேண்டிய இடத்தில் தாம் உட்கார்ந்துகொள்கின்றன. சில அந்த இடத்தை அடைத்து வைத்துக்கொள்கின்றன. வேறு சில, ஹார்மோன் உருவாகும் வேலையையே தடுத்துவிடுகின்றன.

நஞ்சு என்றால் குடித்தவுடன் நுரை தள்ளும், மயக்கம் வரும் என்பதே நம் ஊர்ப் பழக்கத்தில் உள்ள எண்ணம். மருந்தடித்துவிட்டு வந்தவருக்குத் தலை சுற்றவில்லை என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். இந்தப் பொருள்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இவற்றில் அளவைப் போலவே, பல நேரம் அதைவிட அதிகமாக, காலம் முக்கியம். நெல் தூர் கட்டும்போது பெய்கிற மழைக்கும் பூக்கும்போது பெய்கிற மழைக்கும் உள்ள வேறுபாட்டை விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளர்ந்த ஆணின் உடம்பில் தற்காலிகமாக வந்து போகிற ஒரு பொருள், எட்டு வாரக் கருவின் உடம்பில் வாழ்நாள் முழுவதற்குமான மாற்றத்தை எழுதிவிட்டுப் போகலாம்.

கருவின் கணக்கைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ஆண் குழந்தையாக வளரப்போகும் கருவில் விதைகள் ஏழு, எட்டாவது வாரத்தில் உருவாகி டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தொடங்குகின்றன. ஏறத்தாழ எட்டாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரத்துக்குள் அந்த ஹார்மோன் தன் கட்டளைகளைக் கொடுத்துவிடுகிறது. எலிகளில் இதற்கு ஒப்பான காலத்தில் டெஸ்டோஸ்டிரோனைத் தடுத்தால், பிறகு எவ்வளவு கொடுத்தாலும் உறுப்புகள் முழுமையாக அமைவதில்லை. தைராய்டுக்கும் இதுபோல ஒரு காலக் கணக்கு உண்டு. கருவின் சொந்தத் தைராய்டு சுரப்பி, கர்ப்பத்தின் நடுப்பகுதிக்கு வந்த பிறகே போதிய அளவு சுரக்கிறது. அதுவரை குழந்தையின் மூளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அம்மாவின் தைராய்டே. அமெரிக்காவில் ஹாடோ குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தில் தைராய்டு குறைவாக இருந்தும் சிகிச்சை பெறாத தாய்மார்களின் குழந்தைகள் ஏழு முதல் ஒன்பது வயதில் செய்த அறிவுத்திறன் சோதனையில் மற்றவர்களைவிடச் சராசரியாக 7 புள்ளிகள் குறைவாகப் பெற்றார்கள். தாய்மார்களில் பலருக்குத் தமக்கு அப்படி ஒரு குறை இருந்ததே தெரியாது.

இப்போது ராயகிரியிலிருந்து வடகிழக்கே பார்ப்போம். ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் தாண்டினால் சிவகாசி. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் வேதிப்பொருள்கள் வேண்டும். வெடிப்பதற்கான ஆக்சிஜனைத் தருவதற்காகப் பட்டாசில் சேர்க்கப்படும் பொருள்களில் ஒன்று பெர்குளோரேட் உப்பு. அது நீரில் எளிதாகக் கரையும். மண்ணில் ஒட்டாது. மழையோடு இறங்கி நிலத்தடி நீரில் சேர்ந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். நிறமும் வாடையும் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது.

பெர்குளோரேட் உடம்பில் என்ன செய்கிறது என்பதில் அறிவியலாளர்களுக்குள் சச்சரவு இல்லை. தைராய்டு சுரப்பி இரத்தத்திலிருந்து அயோடினை இழுத்துக்கொள்ள ஒரு வாசல் வைத்திருக்கிறது. பெர்குளோரேட் அந்த வாசலில் போய் நின்றுகொள்கிறது. அயோடின் உள்ளே போகாவிட்டால் ஹார்மோன் இல்லை. ஒரு காலத்தில் தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோயாளிகளுக்கு இதையே மருந்தாகவும் கொடுத்தார்கள். வேதிப்பொருள்கள் தைராய்டைப் பாதிக்கின்றனவா என்று தலைப்பிரட்டைகளை வைத்துச் சோதிக்கும் பன்னாட்டு முறையில், சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் ஒப்பீட்டுப் பொருளே பெர்குளோரேட்தான். அதைக் கலந்த நீரில் தலைப்பிரட்டையின் உருமாற்றம் தடைப்பட்டுத் தேங்கிவிடும்.

ஜப்பான், தமிழ்நாடு, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து சிவகாசியிலும் மதுரையிலும் நீர் எடுத்துச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். சிவகாசிப் பகுதியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17இல் பெர்குளோரேட், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீருக்கு அப்போது பரிந்துரைத்திருந்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டியிருந்தது. மிக உயர்ந்த மாதிரியில் லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம். அது அந்த அளவைவிட 500 மடங்குக்கு மேல். உலகச் சுகாதார அமைப்பு பின்னர் வகுத்த, அதைவிடத் தளர்வான 70 மைக்ரோகிராமை வைத்துப் பார்த்தாலும் 100 மடங்கைத் தாண்டுகிறது. மதுரையில் எடுத்த நிலத்தடி நீரில் ஒன்றுகூட வரம்பைத் தாண்டவில்லை. சோதித்த குழாய்த் தண்ணீரிலும் ஒரு மைக்ரோகிராமுக்குக் கீழேதான் இருந்தது. ஆகவே குழாய்த் தண்ணீர் குடிப்பவர்கள் பதற வேண்டியதில்லை. கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியிருக்கும் வீடுகளே கவலைக்குரியவை. மனித உடல்நலம் பற்றி மேலும் ஆராய வேண்டும் என்று சொல்லி அந்தக் கட்டுரை முடிந்தது.

நம்முடைய குடிநீர்த் தரநிலை ஐஎஸ் 10500. புளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக், சில பூச்சிக்கொல்லிகள் எல்லாவற்றுக்கும் அதில் வரம்பு உண்டு. பெர்குளோரேட்டுக்கு இல்லை. வரம்பு இல்லாத பொருளை வழக்கமான நீர்ப் பரிசோதனையில் யாரும் தேடமாட்டார்கள். உலகிலேயே பெரிய பட்டாசுத் தொழில் மையங்களில் ஒன்றை வைத்திருக்கும் மாநிலத்தில் இது பெரிய ஓட்டை. பட்டாசு ஆலைகளில் விபத்து நடந்தால் நாடே பார்க்கிறது, இழப்பீடு அறிவிக்கிறார்கள். கிணற்று நீரில் இறங்குவதை ஒருவரும் பார்ப்பதில்லை.

இங்கே உப்பையும் சேர்த்துப் பேசியாக வேண்டும். பெர்குளோரேட்டும் அயோடினும் ஒரே வாசலுக்குப் போட்டி போடுவதால், உடம்பில் அயோடின் போதுமான அளவு இருப்பவருக்குப் பாதிப்பு குறைவு, இல்லாதவருக்கு அதிகம். நேரடியாக மனிதர் உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்பது 2006 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் 2018-19இல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதம் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு. இந்திய சராசரி 76.3 விழுக்காடு, நம்முடையது 61.9 விழுக்காடு. தூத்துக்குடி உப்பளங்கள் பக்கத்திலேயே இருப்பதால் கல் உப்பு மலிவாகக் கிடைக்கிறது, சமையலுக்கு அதுவே ருசி என்ற எண்ணமும் இருக்கிறது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் மட்டுமாவது அந்தப் பழக்கத்தை மாற்றியாக வேண்டும். பொட்டலத்தில் அயோடின் கலந்தது என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எதையும்விட எளிதானது இது.

அடுத்து, காலம் கடந்து வரும் சான்று. 1940களிலிருந்து அமெரிக்காவில் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிகளுக்கு டயெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தார்கள். 1938இல் லண்டனில் உருவாக்கப்பட்ட பொருள் அது. சாப்பிட்ட தாய்மார்களுக்கு உடனடியாக ஒன்றும் நேரவில்லை, பிறந்த குழந்தைகளும் பார்வைக்கு நன்றாக இருந்தன. 1971இல் பாஸ்டனைச் சேர்ந்த ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் உடன் பணியாற்றியவர்களும், இளம்பெண்களுக்கு வரவே வராத ஒருவகைப் பிறப்புறுப்புப் புற்றுநோயோடு வந்த எட்டுப் பேரின் வரலாற்றை ஆராய்ந்தார்கள். எட்டில் ஏழு பேரின் தாய்மார்கள் கர்ப்பத்தின்போது அந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள். அந்த ஆண்டே அமெரிக்க அரசு, கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்தது. வயிற்றில் இருந்தபோது நடந்தது பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது. அதுவும் மிக அரிதான நோய் என்பதால் கண்ணில் பட்டது. சாதாரணமாகப் பலருக்கும் வருகிற ஒரு கோளாறாக இருந்திருந்தால் அதன் மூலத்தை யார் தேடிப் போயிருப்பார்கள்?

நம் பக்கத்தில் இப்படித் தேடிப் போன ஒரே பெரிய நிகழ்ச்சி காசர்கோடு. ராயகிரிக்கு மேற்கே நிற்கும் இதே மலைத்தொடரின் மறுபக்கத்தில், வடக்கே கேரளத்தின் கடைசி மாவட்டம். அங்கே கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில், தேயிலைக் கொசு எனப்படும் பூச்சியைக் கட்டுப்படுத்த 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். மலையும் பள்ளமுமான ஊர். சரிவுகளில் வீடுகள், குடிநீர் எடுக்கும் சுரங்கங்கள், திறந்த ஓடைகள். முதலில் கன்றுகள் ஊனத்தோடு பிறப்பதைப் பத்திரிகையாளர் ஸ்ரீ பட்ரே எழுதினார். பிறகு அங்கே மருத்துவம் பார்த்துவந்த மோகன் குமார், ஒரே சிற்றூரில் இவ்வளவு நரம்பு நோய்களும் வளர்ச்சிக் குறைகளும் ஏன் என்று கேட்டார். வேளாண்மைத் துறையிலேயே வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா 1998இல் நீதிமன்றத்துக்குப் போனார். தெளிப்பு நின்றது.

அகமதாபாதில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பட்ரே என்ற அந்தச் சிற்றூருக்கு வந்தார்கள். ஹபீபுல்லா சையத் தலைமையில் அவர்கள் செய்த ஆய்வு 2003 டிசம்பரில் வெளியானது. பத்திலிருந்து பத்தொன்பது வயது வரையிலான 117 பையன்களைப் பரிசோதித்தார்கள். ஒப்பீட்டுக்கு, தெளிப்பு நடக்காத, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரிலிருந்து 90 பையன்கள். இரத்தத்தில் எண்டோசல்ஃபான் பட்ரே பையன்களில் 78 விழுக்காட்டினரிடம் இருந்தது, மற்றவர்களில் 29 விழுக்காட்டினரிடம். கடைசித் தெளிப்பு முடிந்து ஏறக்குறைய பத்து மாதம் கழித்து எடுத்த இரத்தம் அது. அதே வயது ஒப்பீட்டுப் பையன்களைவிட இவர்கள் பருவமடைவது தாமதமாகியிருந்தது. டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தது. சுரக்கச் சொல்லி மூளை அடியிலிருந்து வரும் தூண்டு ஹார்மோனோ அதிகமாக இருந்தது. அதாவது மூளை கட்டளையைக் கூட்டிக்கொண்டே போக, விதைகள் பதில் கொடுக்கவில்லை.

இந்த ஆய்வைப் பூச்சிக்கொல்லித் தொழில் தரப்பினர் கடுமையாக விமர்சித்தார்கள். எண்ணிக்கை சிறிது என்பதும், ஒரே நேரத்தில் எடுத்த படம் என்பதும் உண்மைதான். விதை இறங்காமல் இருப்பது போன்ற பிறவிக் குறைகள் பட்ரேயில் 5.1 விழுக்காடு, ஒப்பீட்டு ஊரில் 1.1 விழுக்காடு. அந்த வேறுபாடு புள்ளியியல் அளவில் உறுதியாகவில்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதியதாலேயே மற்ற முடிவுகளின் மீது எனக்கு நம்பிக்கை கூடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு ஊரின் மேல் மருந்தைக் கொட்டிவிட்டு, சான்று முழுமையாக இல்லை என்று சொல்வதை ஏற்க முடியாது. சான்றைத் திரட்ட வேண்டிய காலத்தில் திரட்டாதவர்கள் அதைச் சொல்ல உரிமை இல்லாதவர்கள்.

எண்டோசல்ஃபானின் உற்பத்தியையும் விற்பனையையும் பயன்பாட்டையும் உச்ச நீதிமன்றம் 2011 மே 13இல் நாடு முழுவதும் நிறுத்தியது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான், நெடுங்காலம் சிதையாத நச்சுகளை உலக அளவில் ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. அதுவரை இந்தியா அந்தச் சேர்க்கையை எதிர்த்தே வந்தது. அந்த நாள் வரை தமிழ்நாட்டுப் பூச்சிமருந்துக் கடைகளிலும் பருத்திக்கும் காய்கறிக்கும் அது தடையில்லாமல் கிடைத்தது. இங்கே ஹெலிகாப்டர் வரவில்லை, முதுகில் தொங்கும் கைத்தெளிப்பானில் வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் ஆணையிட்டது. 2022 மே மாதம் அதே நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது, 3,704 பேரில் எட்டுப் பேருக்கு மட்டுமே பணம் போயிருந்தது. தாமதமாக வரும் சான்றுக்கு இன்னும் தாமதமாக வரும் நியாயம் இப்படித்தான் இருக்கும்.

எண்டோசல்ஃபான் போய்விட்டது, பிறகென்ன என்று கேட்கலாம். அது ஒன்று மட்டுமில்லை. புளோரிடாவில் அபோப்கா என்று ஒரு பெரிய ஏரி. 1980இல் பக்கத்திலிருந்த வேதித் தொழிற்சாலையிலிருந்து டைகோஃபால் என்ற சிலந்திப்பேன் கொல்லி அங்கே வழிந்தது. டைகோஃபால், டிடிடியிலிருந்து தயாரிக்கப்படுவது, அதன் எச்சமும் கூடவே வரும். லூயி கில்லெட் என்ற ஆய்வாளர் 1994இல் வெளியிட்ட முடிவு இது: அந்த ஏரியின் இளம் ஆண் முதலைகளின் டெஸ்டோஸ்டிரோன் தூய்மையான ஏரி முதலைகளின் அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஆணுறுப்பும் சிறுத்திருந்தது. பெண் முதலைகளின் ஈஸ்ட்ரோஜன் ஏறத்தாழ இரு மடங்கு, சூலகங்களும் இயல்பாக இல்லை. உலகம் முழுதும் பேசப்பட்ட முடிவு. ஆனாலும் டைகோஃபால் ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்ந்தது 2019இல். இந்தியா அதைத் தடை செய்தது 2023 செப்டம்பரில். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளாக அது நம் நாட்டில் பருத்தி, தேயிலை, கத்தரிக்காய், எலுமிச்சை வகைகளில் வரும் பேனுக்கு அடிக்கப்பட்டுவந்தது. எலுமிச்சைச் சந்தையால் பெயர் பெற்ற புளியங்குடியின் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வதில் பொருள் இருக்கிறது.

2020 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சகம் 27 பூச்சி, பூஞ்சை, களைக் கொல்லிகளைத் தடைசெய்யப்போவதாக வரைவு வெளியிட்டது. 2023இல் இறுதி ஆணை வந்தபோது பெரும்பாலானவை தடைப் பட்டியலில் இல்லை. விடுபட்டவற்றில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் போடும் அட்ரசின் என்ற களைக்கொல்லி. கலிபோர்னியாவின் டைரோன் ஹேய்ஸ் 2010இல் வெளியிட்ட ஆய்வில், லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராம் அட்ரசின் உள்ள நீரில் வளர்ந்த, மரபணுவால் ஆணான தவளைகளில் பத்தில் ஒன்று முழுப் பெண்ணாக மாறி முட்டையிட்டது. தயாரிப்பு நிறுவனம் பணம் கொடுத்து நடத்திய ஆய்வுகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் விவாதம் ஓயவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் நிலத்தடி நீரில் அது சேர்வதைக் காரணம் காட்டி 2004லேயே அதை விலக்கிவிட்டது. இன்னொன்று, கடையில் "எம் 45" என்று கேட்டால் எடுத்துத் தரும் மேங்கோசெப். அது சிதையும்போது உண்டாகும் எத்திலீன் தயோயூரியா தைராய்டு ஹார்மோன் உருவாவதைத் தடுக்கிறது. இனப்பெருக்கத்துக்கும் ஹார்மோன்களுக்கும் கேடு என்ற முடிவோடு ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. பெர்குளோரேட் அயோடினைத் தடுக்கிறது, இது அடுத்த படியைத் தடுக்கிறது. கிணற்று நீரிலும் தோட்டத்திலும் இரண்டையும் சேர்ந்தே சந்திக்கும் ஒரு பெண்ணுக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் சொல்லாது.

தெற்கே திரும்பினால் குற்றாலம். அருவி நீர் சிற்றாறாக இறங்கி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்கிறது. அருவியில் சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டபோது பலர் சலித்துக்கொண்டார்கள். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரைச் சோதித்து 2011இல் வெளியிட்ட கட்டுரையைப் பார்த்தால் சலிப்பு வராது. கிருமிநாசினியாகச் சோப்பிலும் பற்பசையிலும் சேர்க்கப்படும் டிரைக்ளோசான், தாமிரபரணியில் ஓரிடத்தில் லிட்டருக்கு 5,160 நானோகிராம், அதாவது 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. கனடாவில் 2006இல் நடந்த ஆய்வில், லிட்டருக்கு 0.15 மைக்ரோகிராம் டிரைக்ளோசான் இருந்த நீரிலேயே தைராய்டு ஹார்மோன் ஏற்றப்பட்ட தலைப்பிரட்டைகளின் உருமாற்ற வேகம் மாறியது. அது ஆய்வுக்கூடச் சோதனை, ஆற்றில் நடப்பதற்கு அப்படியே சமமாகாது. என்றாலும் ஆற்றில் கண்ட உச்ச அளவு அதைவிட முப்பது மடங்குக்கும் மேல். அமெரிக்கா 2016இல் கை கழுவும் கிருமிநாசினிச் சோப்புகளிலிருந்து டிரைக்ளோசானை நீக்கியது. சாதாரணச் சோப்பைவிட அது கூடுதல் நன்மை செய்கிறது என்று தயாரிப்பாளர்களால் காட்ட முடியவில்லை என்பதே சொன்ன காரணம்.

குப்பையை எரிப்பதைப் பற்றி ஒரு பத்தி. சென்னை பெருங்குடிக் குப்பைமேட்டைச் சுற்றி வாழ்ந்த தாய்மார்களின் தாய்ப்பாலில் டையாக்சின் கலந்திருப்பதை 2004இல் வெளியான ஆசிய ஆய்வு ஒன்று காட்டியது. மற்ற ஆசிய நாட்டுக் குப்பைமேடுகளைவிடக் கூடுதலாக இருந்தது. அந்தப் பகுதியில் மேய்ந்த மாடுகளின் பாலிலும் இருந்ததால், மாட்டுப்பால் வழியாகவே வந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிளாஸ்டிக்கும் குப்பையும் சேர்ந்து புகைகிற இடத்தில் டையாக்சின் உருவாகும். வாசலில் நெகிழிப் பைகளைக் குவித்துக் கொளுத்துகிற ஊரில் மாடும் பக்கத்தில்தான் மேய்கிறது. ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இதற்குப் பயந்து எந்தத் தாயும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலின் நன்மை இந்த ஆபத்தைவிடப் பெரிது என்பதே மருத்துவர்களின் முடிவு. நிறுத்த வேண்டியது எரிப்பதை.

தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பன்னிரண்டு வாரங்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், அப்போதுதான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் முதல் தவணை கிடைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவு செய்யும் நாளில் எட்டு, பத்து வாரம் கடந்திருக்கும். களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் போகும் பெண், நாள் தள்ளிப்போனதை உறுதிசெய்வதற்கு முன்பே மருந்தடித்த வயலில் ஒரு வாரம் வேலை செய்திருப்பார். ஆண் குழந்தையின் உடலமைப்பும் பிள்ளையின் மூளையும் அம்மாவின் ஹார்மோன் கணக்கை நம்பி நிற்கிற வாரங்கள் இவை. எனவே எச்சரிக்கையைக் கர்ப்பிணிக்கு மட்டும் சொன்னால் போதாது, குழந்தைக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும், அவருக்குக் கூலி வேலை கொடுப்பவருக்கும், மருந்தடிக்கிற கணவருக்கும் சொல்ல வேண்டும். மருந்து அடித்த சட்டையோடு வீட்டுக்குள் வந்து குழந்தையைத் தூக்கக் கூடாது. அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. மருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ வைத்துக்கொள்வது இன்றும் நடக்கிறது, அதை ஊர்ப் பெரியவர்களே நிறுத்தியாக வேண்டும்.

அரசுக்குச் சொல்ல வேண்டியவை இவற்றைவிடப் பெரியவை. விருதுநகர், தென்காசி மாவட்டங்களின் குடிநீர்க் கிணறுகளில் பெர்குளோரேட்டைச் சோதித்து, ஊர் வாரியாக முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். ஐஎஸ் 10500இல் அதற்கு ஒரு வரம்பு வேண்டும். 2020 வரைவில் இருந்து விடுபட்ட மருந்துகள் ஏன் விடுபட்டன என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துத் தைராய்டு பார்ப்பது எல்லா அரசு மகப்பேறு மனையிலும் நடக்க வேண்டும். குறை இருந்து முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளையைக் காப்பாற்றிவிடலாம். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கிராமச் சுகாதாரச் செவிலியர் கையில் இருக்கும் படிவத்தில் இன்னும் மூன்று கேள்விகள் சேர வேண்டும்: வீட்டில் குடிப்பது எந்தக் கிணற்று நீர், சமைப்பது எந்த உப்பு, கடந்த மூன்று மாதத்தில் மருந்தடித்த வயலில் வேலை செய்தீர்களா.